டிசைன் சாஃப்ட்வேரும் மாற்றுத்திறனாளிகளும்: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிம்மக்கல் பக்கம் டிடிபி, டிசைன் வேலை செய்கிறேன், கற்றுக்கொள்ள வருபவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். பத்திரிகை, விசிட்டிங் கார்டு, காதணி விழா ஃபிளெக்ஸ், சித்திரைத் திருவிழா சமயத்தில் போஸ்டர் என்று இந்த ஊரில் டிசைன் வேலைக்குக் குறைவே இல்லை. பார்வைக் குறைபாடு, கை கால் குறைபாடு, காது கேளாமை உள்ளவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் வந்து கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: மவுஸால் இழுத்துத்தான் செய்ய முடியும் என்றால் பலருக்குக் கதவு அடைபட்டுவிடும், அதே வேலையை எண்ணாகவோ எழுத்தாகவோ தட்டிச் செய்ய முடிந்தால் கதவு திறக்கும். சாஃப்ட்வேரின் பெயரை விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கண் முழுவதும் தெரியாதவர் போட்டோஷாப் பயன்படுத்த முடியுமா?

முழுசாக முடியாது. நம்பிக்கை கொடுக்கிறேன் என்று பொய் சொல்ல மனசு வரவில்லை.

ஸ்கிரீன் ரீடர் என்பது திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. ஒவ்வொரு பட்டனும் "நான் ஒரு பட்டன், என் பெயர் சேவ்" என்று விண்டோஸிடம் சொல்ல வேண்டும், விண்டோஸ் அதை ஸ்கிரீன் ரீடரிடம் கொடுக்கும், அது வாய்விட்டுச் சொல்லும். வேர்டு, எக்செல் எல்லாம் இந்தத் தகவலை ஒழுங்காகக் கொடுக்கின்றன. டிசைன் சாஃப்ட்வேர்கள் பலவற்றில் பேனல், ஐகான், ஸ்லைடர் எல்லாம் அந்தக் கம்பெனியே சொந்தமாக வரைந்தவை, விண்டோஸின் சாதாரண பட்டன்கள் இல்லை, அதனால் மேலே இருக்கும் ஃபைல், எடிட் மெனு வரை படித்துவிட்டு உள்ளே போனதும் ஸ்கிரீன் ரீடர் வாயடைத்து நின்றுவிடும். ஜிம்ப் இலவசம்தான், நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனால் அது கட்டப்பட்டிருக்கும் ஜிடிகே3 என்ற அடித்தளம் விண்டோஸில் ஸ்கிரீன் ரீடரோடு பேசுவதில்லை, லினக்ஸில் ஆர்கா என்ற ஸ்கிரீன் ரீடரோடு மட்டும் ஓரளவு பேசும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் நடுவில் இருக்கும் படம் வெறும் பிக்சல்தான். அதில் மணமகள் எங்கே நிற்கிறார், பின்னால் கோபுரம் தெரிகிறதா என்று சொல்ல அதற்குள் எந்த எழுத்தும் கிடையாது.

அப்படியென்றால் பார்வையற்றவர் டிசைன் பக்கமே வரக் கூடாதா?

தாராளமாக வரலாம், வழியைத்தான் மாற்ற வேண்டும். பார்வையற்ற மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது பவர்பாயின்ட். கேட்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் காரணம் இருக்கிறது.

என்விடிஏ என்பது 2006ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச ஸ்கிரீன் ரீடர். பவர்பாயின்டில் ஒரு பெட்டியைத் தேர்ந்து அம்பு விசையால் நகர்த்தினால், ஸ்லைடின் இடது ஓரத்திலிருந்து இத்தனை பாயின்ட், மேல் ஓரத்திலிருந்து இத்தனை பாயின்ட் என்று அது சொல்லிக்கொண்டே வரும். ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறினால், இந்தப் பக்கம் இத்தனை பாயின்ட் மறைக்கிறது என்று சொல்லும், ஸ்லைடை விட்டு வெளியே போனால் அதையும் சொல்லும். லேஅவுட் என்பதே இதுதானே! எது எங்கே இருக்கிறது, எதோடு எது முட்டுகிறது. ஸ்லைடு அளவை விசிட்டிங் கார்டு அளவுக்கு, அதாவது மூன்றரைக்கு இரண்டு இஞ்சுக்கு மாற்றி, அகலம் உயரம் எல்லாவற்றையும் ஃபார்மட் பகுதியில் எண்ணாகத் தட்டி, பிடிஎஃப் எடுத்தால் அச்சகத்தில் வாங்கிக்கொள்வார்கள். பவர்பாயின்ட் திரைக்கான ஆர்ஜிபி நிறங்களில்தான் வேலை செய்யும், அச்சு மைக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது கலர் கொஞ்சம் மங்கும், அதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த படி எஸ்விஜி. லோகோ, ஐகான் மாதிரி கோடும் வடிவமுமான படங்களை எஸ்விஜி வெறும் எழுத்தாகவே வைத்திருக்கும். வட்டம் என்று ஒரு வரி, அதன் மையம் எங்கே, ஆரம் எவ்வளவு, என்ன நிறம், அவ்வளவுதான். நோட்பேடில் எழுதலாம், ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும், அதே ஃபைலை நான் இங்க்ஸ்கேப்பிலோ கோரல்டிராவிலோ திறந்து வேலையைத் தொடரலாம். முப்பரிமாணத்துக்கு ஓப்பன்எஸ்கேட் இதே மாதிரி, மாடல் முழுவதையும் எழுதியே உருவாக்கலாம். ஆட்டோகேடிலும் கமாண்ட் லைன் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, லைன் என்று தட்டி இரண்டு புள்ளிகளின் எண்ணைக் கொடுத்தால் கோடு விழுந்துவிடும். இதை எல்லாம் கணக்குத் தெரிந்த பார்வையற்ற பையன் கணக்குத் தெரியாத பார்வையுள்ள பையனை விட வேகமாகப் பிடித்துக்கொள்வதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

முடித்த பின் பார்வையுள்ள ஒருவர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பி மை ஐஸ் போன்ற ஆப்கள் இப்போது படத்தை விவரித்துச் சொல்கின்றன, இடம் பொருள் ஏவல் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் சரியாக இருக்கிறதா என்பதை அதை நம்பி விடாதீர்கள்.

தமிழில் டைப் செய்ததை ஸ்கிரீன் ரீடர் படிக்குமா?

எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருந்தால் படிக்கும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுக் குரலிலேயே தமிழ் இருக்கிறது, குரல் கரகரப்பாக இருக்கும், பழகினால் வேகமாகக் கேட்கலாம்.

நம் ஊர் டிடிபி கடைகளில் பிரச்சினை வேறு. பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 2001ல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அதில் இன்னும் வேலை நடக்கிறது, பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்களும் அப்படியே இருக்கின்றன. பாமினியில் அம்மா என்று திரையில் தெரிவது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் உளறும். முழுப் புத்தகத்தையும் இப்படிப் படித்தால் யாருக்கு என்ன புரியும்? பிடிஎஃப் ஆக்கினாலும் அதே கதைதான்.

தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்டிசைன், போட்டோஷாப், இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் எல்லாவற்றின் இப்போதைய பதிப்புகளும் யூனிகோடு தமிழை ஒழுங்காகக் காட்டும். போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி நின்றால் டைப் அமைப்புகளில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைப் போட்டுவிடுங்கள். கடைக்காரர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன், புது வேலையை எல்லாம் யூனிகோடில் செய்யுங்கள். உங்கள் ஃபைல் போகும் இடத்தில் கண் தெரியாத ஒருவர் அதைப் படிக்கக் காத்திருக்கலாம்.

எனக்குப் பார்வை மங்கல். ஐகான் எல்லாம் கடுகு மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் உங்கள் பதிப்பைப் பாருங்கள். ஸ்டூடியோக்களில் இன்னும் போட்டோஷாப் 7 ஓடுகிறது, அது 2002ல் வந்தது, இன்றைய நெருக்கமான மானிட்டர்கள் அப்போது கிடையாது, அதனால் ஐகான்கள் சுருங்கித்தான் தெரியும். புதுப் பதிப்புகளில் அமைப்புகளுக்குள் இன்டர்ஃபேஸ் பகுதியில் யுஐ ஸ்கேலிங்கை 200 சதவீதமும் எழுத்தை லார்ஜும் ஆக்கலாம். பழையதை விட முடியாதவர்கள் அதன் ஐகான்மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ அமைப்பில் சிஸ்டம் என்று மாற்றுங்கள். கொஞ்சம் மங்கினாலும் பெரிதாகும்.

விண்டோஸ் பட்டனோடு பிளஸ் விசையை அழுத்தினால் மேக்னிஃபையர் வரும், எஸ்கேப்போடு அழுத்தினால் போய்விடும். டிசைன் வேலைக்கு முழுத்திரையை விட லென்ஸ் முறை எனக்குத் தெரிந்தவர்களுக்கு வசதியாக இருக்கிறது. போட்டோஷாப்பில் விண்டோ மெனுவில் அரேஞ்சுக்குள் நியூ விண்டோ என்று இருக்கிறது, ஒரே படத்தை இரண்டு ஜன்னலில் திறக்கலாம். ஒன்றில் 400 சதவீதத்தில் வேலை செய்யுங்கள், மற்றதில் முழுப் படம் எப்படி வருகிறது என்று அதுவாகவே மாறிக்கொண்டிருக்கும். பழைய டிவியை எச்டிஎம்ஐ வயரில் இரண்டாவது திரையாக மாட்டி அதில் இந்த ஜன்னலைப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

இன்டிசைனில் கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் ஸ்டோரி எடிட்டர் வரும். லேஅவுட் இல்லாமல் எழுத்து மட்டும், உங்களுக்கு வேண்டிய அளவில், வேண்டிய நிறத்தில். புரூஃப் பார்க்க அருமை.

திடீரென்று பிரஷ் கர்சர் காணாமல் போனால் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். அது ஆனில் இருந்தால் போட்டோஷாப்பில் வட்டம் போய் மெல்லிய குறுக்குக் கோடு ஆகிவிடும், குறைபார்வை உள்ளவர் அதைத் தேடியே அலுத்துப்போவார். விண்டோஸின் ஹை கான்ட்ராஸ்ட் நிறங்களை நம்ப வேண்டாம், இந்த சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் அதை மதிப்பதில்லை, அதனதன் உள்ளேயே இருக்கும் கருப்பு வெள்ளைத் தீம்தான் கதி.

சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியவில்லை. இந்தத் தொழிலுக்கு வரலாமா?

வரலாம். கண்ணை நம்பாமல் எண்ணை நம்பினால் போதும். குங்குமச் சிவப்பு என்றால் மெஜந்தா மை 100 சதவீதம், மஞ்சள் 100. பச்சை என்றால் சயான் 100, மஞ்சள் 100. மஞ்சள் பத்திரிகைக்கு மெஜந்தா 20, மஞ்சள் 100. இந்த எண்களை ஸ்வாட்சாக, அதாவது தயார் நிறமாகச் சேமித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிவிடுங்கள், அப்புறம் பெயரைப் பார்த்துத்தான் கலர் போட வேண்டும். மானிட்டரில் தெரிவதை நம்பி அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் இதையேதான் சொல்கிறோம்.

விண்டோஸில் கலர் ஃபில்டர் இருக்கிறது, குழப்பும் நிறங்களைப் பிரித்துக் காட்டும். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது மட்டும் அணைத்துவிடுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் 2008ல் வந்த சிஎஸ்4 முதல் வியூ மெனுவின் புரூஃப் செட்டப்பில் நிறக்குருடு உள்ளவருக்கு எப்படித் தெரியும் என்று காட்டும் வசதி இருக்கிறது. ஜிம்பில் டிஸ்பிளே ஃபில்டரில் இருக்கிறது. கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்ட போஸ்டரை அதில் போட்டுப் பாருங்கள், எழுத்து கிட்டத்தட்ட இருட்டோடு கலந்துவிடும். மதுரைச் சுவர்களில் பாதி இந்தக் கூட்டணிதான்.

ஒரு கைதான் வேலை செய்கிறது. அல்லது கை நடுங்குகிறது. முடியுமா?

முடியும், நன்றாகவே முடியும். இங்கேதான் சாஃப்ட்வேர்கள் அதிகம் கைகொடுக்கின்றன.

ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும். பலர் எரிச்சலோடு மூடிவிடும் அந்தப் பெட்டிதான் ஒற்றைக் கையால் வேலை செய்பவருக்கு முதல் துணை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எழுத்து என்று ஒவ்வொன்றாக அழுத்தலாம், சேர்த்துப் பிடிக்க வேண்டாம். ஷிஃப்டைப் பிடித்தபடியே மவுஸ் வேலை செய்ய வேண்டிய இடத்தில் அதை இரண்டு முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மூன்றாவது முறை அழுத்தினால் விட்டுவிடும்.

மவுஸை அழுத்திப் பிடித்து இழுப்பதுதான் நடுக்கம் உள்ளவர்களுக்குக் கொடுமை. விண்டோஸ் மவுஸ் அமைப்பில் கிளிக்லாக் என்று ஒரு டிக் இருக்கிறது, போட்டுவிட்டால் கொஞ்சம் அழுத்தி விட்டாலே பிடித்தது மாதிரி ஆகிவிடும், நகர்த்தி மறுபடி ஒரு கிளிக், விடுபட்டுவிடும். மவுஸே வேண்டாம் என்றால் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் அழுத்துங்கள், நம்பர் பேடே மவுஸ் ஆகிவிடும், 5 கிளிக், 0 அழுத்திப் பிடிக்கும், புள்ளி விடுவிக்கும். நம்பர் பேட் இல்லாத லேப்டாப்பில் இது ஆகாது, வாங்கும் முன் பாருங்கள்.

ஆனால் இழுக்காமலே முடிந்தால் அதைவிட என்ன வேண்டும்? கோரல்டிராவில் ஒரு விசிட்டிங் கார்டு எடுத்துக்கொள்வோம். எஃப்6 அழுத்தி எங்கேயோ ஒரு செவ்வகம் போடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. மேலே பிராப்பர்ட்டி பாரில் மில்லிமீட்டரில் அகலம் 89, உயரம் 51 என்று தட்டுங்கள். பி அழுத்தினால் பக்கத்தின் நடுவில் போய் உட்காரும். எஃப்8, எங்கேயாவது ஒரு கிளிக், பெயரை டைப் செய்யுங்கள். இரண்டையும் தேர்ந்து சி, இ அழுத்தினால் பெயர் கார்டின் நடுவுக்கு வந்துவிடும், கடைசியாகத் தேர்ந்தது எதுவோ அதைப் பார்த்துத்தான் மற்றது நகரும் என்பதால் செவ்வகத்தைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். பொருளுக்குப் பொருள் தாவ டேப். நகர்த்த அம்பு விசை, வேகமாக நகர்த்த ஷிஃப்டோடு அம்பு. இதில் எந்த இடத்திலும் நடுங்காத கை தேவைப்படவில்லை. நல்ல கை உள்ள ஆபரேட்டர்களும் வேகத்துக்காக இப்படித்தான் செய்கிறார்கள்.

வரையத்தான் வேண்டும் என்றால், 2017 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து போட்டோஷாப் பிரஷில் ஸ்மூத்திங் இருக்கிறது, ஏற்றிவிட்டால் நடுங்கும் கோடு நேராகும். இலவசமான கிரிட்டாவில் ஸ்டெபிலைசர் இதே வேலையைச் செய்யும். திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைப் போட்டோஷாப்பில் ஆக்ஷனாகப் பதிந்து ஒரே எஃப் விசையில் மாட்டிவிடலாம், பாஸ்போர்ட் போட்டோ போடும் கடைக்கு இதுவே பாதி வேலை.

அரவிந்த் கண் மருத்துவமனையை 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரலுக்கு ஏற்ற மாதிரி கருவியை அமைத்துக்கொண்டு கண் ஆபரேஷன் செய்தவர் அவர், அதுவும் இதே ஊரில். மவுஸைப் பிடிக்கக் கை சரியில்லை என்று யாரையாவது திருப்பி அனுப்பும் முன் அதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு கையும் வராது என்றால்?

தலையசைவில் கர்சரை நகர்த்தும் இவியாகேம் இலவசம், சாதாரண வெப்கேம் போதும், ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அதுவே கிளிக் ஆகும். விண்டோஸ் 11ல் வாய்ஸ் ஆக்சஸ் இருக்கிறது, கட்டளையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கும், நம் உச்சரிப்புக்குப் பழக நாளாகும். ஷோ நம்பர்ஸ் என்றால் திரையில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு எண் வரும், ஆனால் முன்பு சொன்ன அதே காரணத்தால் டிசைன் சாஃப்ட்வேரின் சொந்த ஐகான்கள் பலவற்றுக்கு எண் வராது, அப்போது ஷோ கிரிட் சொல்லித் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போக வேண்டும். மெதுவான வேலைதான். பகலில் பத்து ஃபிளெக்ஸ் முடிக்கும் கடையோடு போட்டி போடாமல், லோகோ, புத்தக அட்டை மாதிரி நேரம் எடுத்துச் செய்யும் வேலையாகப் பிடிப்பது நல்லது.

காது கேளாதவருக்கு இதில் என்ன சிக்கல்?

சாஃப்ட்வேரில் ஒன்றுமில்லை. கற்றுக்கொள்வதில்தான் சிக்கல். தமிழில் இருக்கும் பாட வீடியோக்களில் "இதைக் கிளிக் பண்ணி, இந்தப் பக்கம் இழுத்து" என்று வாயால் சொல்கிறார்களே தவிர எழுத்தில் போடுவதில்லை. வீடியோ போடுகிறவர்கள் அழுத்தும் விசையைத் திரையில் காட்டினாலே பெரிய உதவி. கடையில் வாடிக்கையாளர் பேசுவதைப் புரிந்துகொள்ள கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் ஆண்ட்ராய்டு போனில் தமிழிலேயே எழுதிக் காட்டும். திருத்தங்களை வாட்ஸ்ஆப்பில் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று கடையில் ஒரு வழக்கம் வைத்தால், நேற்று வாயால் சொன்னது இன்று இல்லை என்ற சண்டையும் குறையும்.

வாங்கும் முன் ஒரு சாஃப்ட்வேரை எப்படிச் சோதிப்பது?

மவுஸைக் கழற்றி வையுங்கள். சோதனைப் பதிப்பைத் திறந்து, புதுப் பக்கம், ஒரு செவ்வகம், அதற்கு அளவு, அதற்குள் ஒரு வரி எழுத்து, பிடிஎஃப். இந்த ஐந்தையும் கீபோர்டால் மட்டும் செய்து பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கேதான் உங்களுக்கும் சிக்கல் வரும். பிறகு என்விடிஏ போட்டு, திரையை அணைத்துவிட்டு மறுபடி.

பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் அக்சஸிபிலிட்டி அறிக்கை வெளியிடுகின்றன, அடோபி தளத்தில் ஒவ்வொன்றுக்கும் தனியாகவே இருக்கிறது. பாதி ஆதரவு என்று எழுதியிருக்கும் வரிகளை நிதானமாகப் படியுங்கள், விளம்பரத்தில் இல்லாத உண்மை அங்கே இருக்கும். உருவாக்கும் கருவிகளுக்கென்றே, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2015ல் ஏடேக் 2.0 என்ற விதிமுறை வெளியிட்டிருக்கிறது. கேள்வி அனுப்பும்போது அதன் பெயரைக் குறிப்பிட்டால் பதில் கொஞ்சம் பொறுப்பாக வரும்.

சட்டம் ஏதாவது உதவுமா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, மின்னணுத் தகவலும் சாதனங்களும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னது. இதை வைத்து நாளைக்கே ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் பேனலைத் திருத்திவிடாது. ஆனால் பயிற்சி மையமோ கல்லூரியோ இடம் மறுத்தால் கையில் பிடித்துப் பேச இது இருக்கிறது.

மதுரையில் யாரைப் போய்ப் பார்க்கலாம்?

பார்வை மங்கலாக இருந்தால் முதலில் அரவிந்தில் குறைபார்வைப் பிரிவு. எந்த லென்ஸ், எவ்வளவு பெரிதாக்கினால் போதும் என்பது தெரியாமல் மானிட்டர் வாங்காதீர்கள். பார்வையற்றவர்களுக்குச் சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம். அடையாள அட்டை, உதவித் திட்டங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

கடை வைத்திருக்கிறேன். ஒருவரை வேலைக்கு எடுக்க நினைக்கிறேன். என்ன மாற்ற வேண்டும்?

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம், மேலே சொன்னதில் பெரும்பகுதி விண்டோஸிலேயே இருக்கிறது அல்லது இலவசம். அவருக்கென்று தனி விண்டோஸ் லாகின் போடுங்கள், இல்லாவிட்டால் இரவு ஷிஃப்ட் ஆள் வந்து ஸ்டிக்கி கீஸை அணைத்துவிட்டுப் போவார், காலையில் இவர் ஒவ்வொன்றாக மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். கீபோர்டு ஷார்ட்கட் ஃபைலையும் ஸ்வாட்சையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். லேயர்களுக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தைக் கடை முழுவதற்கும் கொண்டுவாருங்கள், லேயர் 1 காப்பி 14 என்று இருந்தால் குறைபார்வை உள்ளவர் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அப்புறம், முதல் வாரமே சித்திரைத் திருவிழா அவசரத்தில் உட்கார வைக்காதீர்கள். தை மாசி கல்யாண வேலை முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது பழைய வேலை ஒன்றைக் கொடுத்து, எந்தெந்த இடத்தில் தடங்கல் வருகிறது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து, தேவைப்பட்டதை மட்டும் வாங்குங்கள்.